மனைவியர் வட்டத்தில் ஒரு கணவன்

மார்ச் 3

அன்புள்ள சார்ஜென்டுக்கு,

இங்கே நலம். மகளுக்கு ஒரு பல் விழுந்தது. பணியை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம்.

சனிக்கிழமை படைவீரர் குடும்ப உதவி மையத்துக்குப் போனேன். ஒழுகும் குழாய்க்கு ஆள் கேட்கத்தான். 'மனைவியர் வட்டம்' என்று எழுதிய அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் பெண்கள், நடுவில் நான். ராணுவ லாரி டிரைவரின் மனைவி கேட்டாள்:

"அண்ணே, உங்க வீட்டுக்காரர் எந்த முகாம்ல இருக்காரு?"

"வீட்டுக்காரி," என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு டீ வந்தது. எனக்கு மட்டும் பிஸ்கட் கூடுதல்.

அன்புடன்,
வீட்டில் இருப்பவன்

மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

எந்தப் பல்? மேலா, கீழா? இதைக்கூடவா எழுத மாட்டீர்கள்?

'உன் இஷ்டம்' ஒரு பதிலா? இங்கே யாராவது அப்படிச் சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவோம். இருக்கட்டுமா, வரட்டுமா? ஒன்றைச் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள்
மனைவி

மார்ச் 22

அன்புள்ள சார்ஜென்டுக்கு,

கீழ்ப்பல்.

நீ திட்டியதை வட்டத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. முகாம் சமையல்காரரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நானும் 'உங்க இஷ்டம்'னுதான் எழுதுனேன். அந்த மனுஷன் ஆறு வருஷம் நீட்டிச்சுட்டு, நீதானடி சொன்னேங்கிறாரு."

உன் முடிவில் தலையிடாதது பெருந்தன்மை என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"பெருந்தன்மையாம் பெருந்தன்மை!" இது டிரைவரின் மனைவி. "மனசுல இருக்கறதைச் சொல்லத் துப்பில்ல உங்களுக்கு."

மையத்து ஆலோசகர் நாகரிகமானவர். "அவங்க கொஞ்சம் சத்தமா சொல்றாங்க. ஆனா சரியாத்தான் சொல்றாங்க," என்றார்.

பேனாவைக் கையில் திணித்தார்கள். மகள் அழுகிறாள் என்று எழுதச் சொன்னாள் ஒருத்தி. அவள் அழவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைவிடக் கெட்டி. வீடு நடக்கிறது. குழாயையும் சரிசெய்துவிட்டார்கள். சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் கையில் இல்லை.

நீட்டிக்காதே. வந்துவிடு. எனக்கு நீ வேண்டும்.

டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'அன்பே'ன்னு ஒண்ணு போடுங்கண்ணே," என்கிறாள். இத்தனை பேர் பார்க்க எப்படிப் போடுவது?

வீட்டில் இருப்பவன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. மேலதிகாரி காரணம் கேட்டார்.

"ஏம்மா, குழந்தைக்கு முடியலையா?"

"குழந்தை நல்லாத்தான் இருக்கா சார். அவ அப்பாதான் சரியில்ல."

ஜூனில் வருகிறேன். துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரியும். நானில்லாமலே நடக்கும் வீட்டில் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. சிரிக்காதீர்கள், பயமாகத்தான் இருக்கிறது. வந்த மறுநாள் காலையில் எனக்கு என்ன வேலை? இப்போதே எழுதுங்கள். வட்டத்தில் கேட்காமல், நீங்களாக.

வருகிறவள்