பாக்கெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர்

இன்று காலை நந்தினி, நம் நைலான் கிளிப்புகள் அடைத்த பாக்கெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தாள். தரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். பாக்கெட்டின் உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "மேடம், உள்ள தண்ணி போயிடுச்சு. லாட் பூரா ரிஜெக்ட் பண்ணிடட்டுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. நீ இருந்திருந்தால் அவளுக்குப் பதிலே சொல்லியிருக்க மாட்டாய். "ஏன் தண்ணி இருக்குன்னு நீயே கண்டுபிடியேன்" என்று ஒரு வாரம் அலையவிட்டிருப்பாய்.

மேஜையில் இன்னொரு தலைவலியும் கிடக்கிறது. வைட்ஃபீல்டில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனி, டிரிப்ஸ் டியூபை இறுக்கி மூடும் குட்டி கிளிப்பை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறது. நீராவியில் கிருமி நீக்கிய பிறகும் அது உடையாமல் மடங்க வேண்டுமாம். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். ஸ்கூட்டரில் கிளிப் உடைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இதில் டியூபின் மறுமுனையில் ஓர் ஆள் படுத்திருப்பார். நீயில்லாத இடத்தில் இந்த வம்பை நான் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

நம் இருவரில் பயந்தாங்கொள்ளி நான்தானே. பிளாஸ்டிக் டிப்ளமோ வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நீ கையில் கிடைத்ததையெல்லாம் மடக்கிப் பார்ப்பாய், இல்லாவிட்டால் கொளுத்திப் பார்ப்பாய். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, உடைந்த பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைத் தீக்குச்சியில் காட்டி அணைத்து, "மோந்து பாருடி, சாமந்திப் பூ வாசனை வருதா?" என்று என் மூக்கருகே நீட்டினாய். சத்தியமாக வந்தது! என் அம்மாதான், "இந்தப் பொண்ணு ஒரு நாள் வீட்டையே கொளுத்திடுவா, பாத்துக்கோ" என்று புலம்பினார். அந்த ஸ்பூனுக்குள் சாமந்தி எப்படிப் புகுந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

பிறகு நாமே ஒரு ஷெட் பிடித்து, பழைய மெஷின் ஒன்றை வைத்து, வாளிக் கைப்பிடி செய்தோம். "கைப்பிடி சோறு போடுதுடி, போதும்" என்பேன் நான். "போடுது. ஆனா யோசிக்க ஒண்ணும் இல்லையே!" என்பாய் நீ. அப்போதுதான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். பேட்டரி ஒயரைப் பிடித்துக்கொள்ள நைலான் கிளிப் வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சரி என்று சொல்லிவிட்டாய்.

சாம்பிள் போன மறுநாளே அவர் போன் செய்தார். "மேடம், இது பிஸ்கெட் தர முரீத்தா இதே!" பிஸ்கெட் மாதிரி உடைகிறதாம். இன்னொரு தடவை பார்ப்பாராம், அதுவும் உடைந்தால் வேறு ஆளைத் தேடிக்கொள்வாராம். வாளிக் கைப்பிடிக்கே திரும்பிவிடலாம் என்றேன் நான். உன் முகத்திலோ கல்யாண வீட்டுக் களை. "உடைஞ்சது நல்லதா போச்சு. ஏன் உடைஞ்சதுன்னு பாக்கலாம் வா" என்றாய். உன்னைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

மெஷினில் உருக்கப் போடும் நைலான் குருணையில் ஈரம் இருந்தால் ஆபத்து என்பது நம் தொழிலில் முதல் பாடம். அதனால் குருணையை இன்னும் நன்றாக உலர்த்தினோம். கிளிப் உடைந்தது. மேலும் உலர்த்தினோம். அப்போதும் டக்கென்று உடைந்தது. சலித்துப்போய்க் கை கழுவப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாய். குழாயில் மாட்டிய ரப்பர் பைப்பு நழுவாமல் இருக்க, கழித்துப் போட்ட கிளிப் ஒன்றை யாரோ மாட்டிவைத்திருந்தார்கள். எந்நேரமும் நீர் சொட்டும் இடம். அதைக் கழற்றி இப்படியும் அப்படியும் முறுக்கினாய். வளைந்ததே தவிர உடையவில்லை.

"ஏய், இது மட்டும் ஏன் உடையல?" என்று ஷெட்டே அதிரக் கத்தினாய்.

மெஷினுக்குள் போகும்வரைதான் நைலானுக்குத் தண்ணீர் ஆகாது. உருவாகி வெளியே வந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்தால்தான் அதற்கு வளையும் குணம் வரும். இதையும் வகுப்பில் படித்துத்தான் இருந்தோம். பரீட்சை எழுதிய கையோடு முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான். அன்றைக்கே எங்கள் வீட்டு இட்லிப் பானையில் கிளிப்புகளை வேகவைத்தோம். "இனி அந்தப் பானை என் சமையலறைக்குள்ள வரக் கூடாது" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "மெட்டீரியல் சேஞ்ச் மாடிதீரா?" என்று கேட்டார், பொருளையே மாற்றிவிட்டோமா என்று. "இல்ல சார், வேக வெச்சோம்" என்றாய். நீ கேலி செய்வதாக நினைத்து அவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு வேகவைப்பதை விட்டு, பாக்கெட்டுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடப் பழகினோம்.

அந்த கிளிப்புக்குப் பிறகு, மற்றவர்கள் முடியாது என்று திருப்பி அனுப்பியதெல்லாம் நம் வாசலுக்கு வந்தது. சூட்டில் இளகாதது, தீப்பிடிக்காதது, எண்ணெய் போடாமலே சுழல்வது. ஒரு மெஷின் இருந்த ஷெட்டில் இன்று நடக்க இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் முதலில் வேண்டாம் என்றேன், நீ முதலில் ஏன் என்றாய்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் உன் கை சும்மா இருந்ததா? டிரிப்ஸ் டியூபிலிருந்த கிளிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். "நம்ம கிளிப்போட தங்கச்சிடி இது. இத்தனை தடவை மடக்கியும் உடையலையே, ஏன்?" நர்ஸ் வந்து ஒரு சத்தம் போட்டார். "மேடம், நீங்க பேஷன்ட்டா, இன்ஸ்பெக்டரா?" டியூபை மாற்றியபோது பழைய கிளிப்பைக் கேட்டு வாங்கி, கழுவி என் கையில் வைத்தாய். "பாத்துச் சொல்லு" என்றாய். நான் பார்த்துச் சொல்வதற்குள் நீ போய்விட்டாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நந்தினி பாக்கெட்டோடு நின்றுகொண்டேயிருந்தாள். "ரிஜெக்ட் பண்ணாத. இதுல ஒண்ணு எடு, மெஷின்லேர்ந்து இப்ப விழுந்தது ஒண்ணு எடு. ரெண்டையும் மடக்கு" என்றேன். புதியது டக்கென்று உடைந்தது. ஈரத்தில் இருந்தது வளைந்து கொடுத்தது. திருப்பித் திருப்பி மடக்கினாள். சாப்பாட்டு நேரம் வந்தும் அவள் போகவில்லை.

"மேடம், இது மட்டும் ஏன் உடையல?" என்றாள்.

"நீயே கண்டுபிடியேன்" என்றேன். வைட்ஃபீல்டுக்குப் போன் போட்டேன். "எப்படின்னு இன்னும் தெரியாது சார். ஆனா பண்ணிப் பாக்குறோம். எங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் உங்க கையில குடுக்க மாட்டோம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். நீ கொடுத்த அந்தக் குட்டி கிளிப், கைப்பையிலிருந்து எப்போது எடுத்தேனோ, என் விரல்களுக்கிடையே மடங்குவதும் நிமிர்வதுமாக இருந்தது. இன்னும் உடையவில்லை. ஏன்டி?