ஏகாம்பரம் ஒர்க்‌ஷாப்பும் தானம் போகும் விமானமும்

கட்கி, புனே
செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 2001

அன்பு மகன் தணிகைவேலுக்கு அப்பா எழுதுவது.

எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. 'ழ' மட்டும் எவ்வளவு மிரட்டினாலும் கோட்டுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால் முழுக்க என் கையால் எழுதியது. மருமகள் வனஜா ஒரு எழுத்துகூடச் சொல்லித் தரவில்லை. எழுபது வயதில் மகனுக்கு முதல் கடிதம்! காலையிலிருந்து எழுதுகிறேன்.

உன் லாட்ஜுக்குப் போன் செய்தால் எடுப்பவன் உன்னைக் கூப்பிடுவதே இல்லை. அதனால் இன்று ஜீலம் எக்ஸ்பிரஸில் டெல்லி வரும் இஸ்மாயில் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் நம் மனு கிடக்கும் விமானப் பதிவு ஆபீசுக்குப் போ.

நேற்று காலை பிங்ளே சாகேப் பேடா பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்தார். தன் விமானத்தின் இன்ஜினை நாம் பிரித்து மாட்டிய கூலியைத் தராமல் ஒரு வருஷமாக இழுத்தடிக்கிறவர் இனிப்போடு வந்தால் சந்தேகம் வராதா? அந்தச் சின்ன விமானத்தை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு டிரஸ்டுக்குத் தானம் கொடுக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மேடை, மாலை, பத்திரிகைக்காரர்கள். அதற்குமுன், விமானத்தின் மேல் நம் ஒர்க்‌ஷாப்புக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அப்பா பெயரில் இருக்கட்டும் என்று நீ ஒர்க்‌ஷாப்பை என் பெயரில் ஆரம்பித்தாய். நீ காட்டிய இடத்தில் எல்லாம் கட்டைவிரலை வைத்தேன். அது அவருக்கும் தெரியும். மைப்பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "பாபா, அங்கூட்டா லகாவோ" என்று, கட்டைவிரலை வைக்கச் சொல்லித் திறந்து நீட்டினார்.

என் பேத்தி வைஷுவுக்குத்தான் எது திறந்திருந்தாலும் பிடிக்காதே. ஓடி வந்து மூடினாள். அவர் திறந்தார், அவள் மறுபடி மூடினாள். மூன்றாம் முறை அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். வனஜா எழுந்துவிட்டாள். நான் கண்ணைக் காட்டி உட்கார வைத்தேன்.

"நான் இப்போது கையெழுத்துப் போடுகிறவன். படித்துப் பார்த்துத்தான் போடுவேன்" என்றேன். இங்கிலீஷில் இருக்கிறது என்றார். "தமிழில் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும்" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "உன் பேத்தி மாதிரிப் பிள்ளைகளுக்குப் போவதைப் பிடுங்கப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். கிழவனுக்குப் படிப்பு வந்ததும் திமிரும் வந்துவிட்டது என்று வாசலில் டிரைவரிடம் மராட்டியில் சொன்னார். எனக்கு மராட்டி தெரியாது என்று நினைத்தார் போலும். சனிக்கிழமை ஆட்களோடு வருகிறாராம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி என்னை ஆட்டிவிட்டது. உன்னிடமும் அவர் இதையே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் போவதாக இருந்தால், கூலி பாக்கிக்காக விமானத்தின் மேல் நம் பாத்தியதையைப் பதியச் சொல்லிக் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று நீ போனில் வனஜாவிடம் கேட்டிருக்கிறாய். உன் மனம் எனக்குத் தெரியும். வைஷு பள்ளியில் கூரை ஒழுகுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதனால் நேராக அவள் பள்ளி சாவித்ரி டீச்சரிடம் போனேன். இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறவர், அந்த டிரஸ்டின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பிங்ளே சாகேப் கொடுத்துப்போன விழா அழைப்பிதழில் போசரி விலாசம் இருந்தது. இருவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பூட்டிய ஷெட். வைஷு பள்ளி வாசலில் எந்நேரமும் குட்டிச் செருப்புகள் குவிந்து கிடக்கும். அங்கே புல்தான் முளைத்திருக்கிறது. பிங்ளே சாகேபின் பழைய குடோன் என்று வாட்ச்மேன் சொன்னார். நம் பாத்தியதை பதிவாகும் முன்னே, விமானத்தை ஒரு கையிலிருந்து தன்னுடைய இன்னொரு கைக்கு மாற்றப் பார்க்கிறார். பிள்ளைகளின் பெயர் அதற்குத் திரை.

பஸ்ஸில் டீச்சரிடம் கேட்டேன், நாங்கள் தடுத்தால் பாவமா என்று. "தாத்தா, எங்களுக்குக் குடுக்கறவங்க முதல்ல வந்து பிள்ளைங்களைப் பார்ப்பாங்க. இவரு ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாரா? நீங்க பதிவு பண்ணுங்க. கூலி வந்ததும் மனசிருந்தா ஒரு ஓடு வாங்கிப் போடுங்க, போதும்" என்று சிரித்தார்.

தணிகா, மனுவைத் திரும்ப வாங்கிவிடாதே. ஆபீசில் நாளை வா, நாளை மறுநாள் வா என்பார்கள். வாசலிலேயே உட்கார். வெள்ளிக்கிழமைக்குள் பதிவாக வேண்டும். சனிக்கிழமை அவர் வரும்போது நான் எப்படியும் சமாளிப்பேன். ஆனால் வனஜாவும் குழந்தையும் வீட்டில் இருப்பார்கள். இன்னொரு விஷயம். நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது அந்த மனுவில்தான்.

வேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்குத் துணை. வைஷு பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், இனி எழுத விடமாட்டாள். அடுத்த வாரமும் எழுதுவேன், 'ழ'வைக் கோட்டுக்குள் நிறுத்திக் காட்டுகிறேன். அதற்குள் நீ வந்து நின்றால், எழுதியதை உன் கையிலேயே தருகிறேன்.

உன் அப்பா,
வே. ஏகாம்பரம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)