திருப்பித் தைத்த கோட்டு

அன்பு மகனுக்கு அம்மா ஆசிகளுடன் எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முட்டிவலி மட்டும் வழக்கம்போல. நீயும் மருமகளும் சம்பந்தி வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். வேலை கிடைத்த ஊரில் மாமனார் வீட்டிலேயே தங்கியிருக்கிறாய். போனில் பேசினால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். எனக்கும் வாய் வராது. அதனால்தான் கடிதம். முதலில் தனியாக உட்கார்ந்து படி.

நேற்று மருமகள் போன் செய்தாள். உன் மாமனார் கடை கடையாக ஏறி, இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்றை உனக்கு வாங்கி வந்திருக்கிறாராம். சாப்பாட்டு மேசையில் உன் கை யார்மேலும் இடிக்கக் கூடாதென்று ஓரத்திலிருந்த தன் நாற்காலியையே உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம். "ஒரு நாள் வலது கையால எழுதிட்டு இருந்தாரு அத்தை, என்னைப் பாத்ததும் பேனாவை மாத்திக்கிட்டாரு. ரெண்டு கையும் வருமா அவருக்கு?" என்று கேட்டாள். இடது கையால் ஓர் ஆணி அடிக்கத் தெரியாத பிள்ளை நீ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா, சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான்." போனை வைத்ததும் என் வாயில் நானே ஓர் அடி போட்டுக்கொண்டேன். கட்டிய மனைவியிடம்கூட நீ சொல்லவில்லையே! என் மானத்தைக் காப்பாற்றத்தானே?

கல்யாணத்துக்குப் புதுக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. அப்பா இல்லாத கல்யாணத்தில் அவர் கோட்டாவது இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வெயிலில் வெளுத்த கோட்டைத் தையல் தையலாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தேன். உள்ளே துணி புத்தம் புதிதாக இருந்தது. அவருடைய பழைய பேன்ட் இரண்டை வெட்டி ஒன்றாக்கி ஜோடி போட்டேன். கோட்டு நீலமும் பேன்ட் நீலமும் ஒத்துப்போகவில்லை, வெயிலில் மட்டும் நிற்காதே என்று உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? தையல் கடையில் ஊரார் துணிக்கெல்லாம் ஓரம் மடித்தே காலம் கழித்தவள், முழுசாகத் தைத்த ஒரே உடுப்பு அது.

திருப்பினால் இடது வலதாகும் என்று பொத்தான்களை ஞாபகமாக மாற்றியவள், மார்புப் பாக்கெட்டை மறந்தே போனேன். ஹேங்கரில் மாட்டிப் பார்த்தால் அது வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வெட்டின துணி வெட்டினதுதான். மூடினால் தழும்பு தெரியும். நீ அதைப் போட்டுக்கொண்டு, "கண்ணாடியில பாரும்மா, அப்பா எதிர்ல நிக்கிற மாதிரி பாக்கெட் சரியாத்தான் இருக்கு" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பதிவு அலுவலகத்தில் உன் மாமனார் பூச் செருக வந்து, உன் இடது மார்பில் பாக்கெட்டைத் தடவித் தடவித் தேடினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்க தைச்சீங்க சம்பந்தியம்மா?" என்றார். அவர்கள் வீட்டார் உடுத்தியிருந்ததை ஒரு முறை பார்த்தேன். வாய் கூசாமல், "டவுன்ல பெரிய கடைங்க, அவசரத்துல மாத்தித் தைச்சுட்டான்" என்றேன். உன் அப்பாவின் கோட்டை, என் கையால் தைத்ததை, யாரோ கடைக்காரன் தலையில் கட்டிவிட்டேன். அவரோ, "நல்ல நாளும் அதுவுமா இப்படியா பண்ணுவான்? எந்தக் கடைன்னு சொல்லுங்க, நானே போய்க் கேக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். அப்போது நீ, "கடைக்காரன் மேல தப்பில்ல மாமா. எனக்கு இடது கைப் பழக்கம், எடுக்க வசதியா நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்" என்றாய்.

அதோடு போயிற்றா? எல்லோரும் பார்க்க, பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. மருமகளின் அழகான கையெழுத்துக்குப் பக்கத்தில் உன்னுடையது கோழி கிளறினதுபோல இருந்தது. அது காலத்துக்கும் அப்படியேதான் இருக்கும். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. விருந்தில் நீ இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக் கோட்டெல்லாம் சிந்திக்கொண்டாய். நான் தலை நிமிரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். தனக்கு வேண்டிய நாற்காலியை விட்டுக்கொடுத்த மனிதரை இனியும் ஏமாற்றக் கூடாது. நீயாக வாயைத் திறக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை மருமகளிடம் கொடு, பிறகு அவரிடமும் கொடு. என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் கத்தரிக்கோலை எனக்கு அனுப்பிவிடச் சொல், மாற்றித் தைக்கிறவளுக்கு அதுதான் பொருத்தம்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நீடூழி வாழ வேண்டும். வேறொன்றும் வேண்டாம். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, அவர் கண்ணெதிரே, வலது கையால் சாப்பிடு கண்ணா.

இப்படிக்கு,
கோட்டைத் தைத்த
உன் அம்மா