தண்ணீர் கேட்காத செடிகள்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. ஆபீசுக்குப் பின்னால் வெயில் கொளுத்தும் சரிவுக்குச் செடி தேர்ந்தெடுக்கச் சொன்னார் சூப்பர்வைசர். மேலே காகிதப்பூவும் அரளியும், மண் கரையாமலிருக்கக் கீழே பத்துமணிப்பூ என்று சொன்னேன். வேர் பிடித்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளே வேண்டாம் என்று பீற்றிக்கொண்டேன். அதையெல்லாம் அவர் தன் யோசனையாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டார்.

செடிகள் வேர் பிடித்ததும், நேற்று என்னைத் தோட்டவேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "ஆளே வேணாம்னு நீதானேப்பா சொன்னே?" என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார். அண்ணே அண்ணே என்று அவர் பின்னாலேயே திரிந்தேனே!

வேறு வேலை தேடுகிறேன். என் பழைய போர்வையை அனுப்பு. வேலை தேடிப் போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பிள்ளைகள் பேசியதும் போனை வைத்துவிடாதே, "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேள். கவனிக்காவிட்டாலும் பூத்துக்கொண்டிருக்க நான் ஒன்றும் பத்துமணிப்பூ இல்லை.

உன் வீட்டுக்காரன்