அந்தோனியாரிடம் கேட்டது

மேல்பிரிவு, கொஸ்லந்தை
22.01.2025

அன்புள்ள மெரில்டா அக்காவுக்கு,

உன் தங்கச்சி ஜெனிட்டா எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய். மடத்தில் மணி அடித்து வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே.

நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து நான்கு வருடமாகிறது. இன்னும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன அந்தப் பழைய பிள்ளைக்காம்பராவில்தான் படுக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்காகச் சுவரில் வரைந்த வாத்துகள் அப்படியே இருக்கின்றன. நடுவில் ஒரு சேலையைக் கட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் வீரய்யா மாமா குடும்பம். வீடு வரும் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள்.

ஆண்டவரை நம்பு என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். தனிக் கட்டிலும் ஜன்னலும் இருந்தால் நம்புவது சுலபம். போன கிழமை நான் பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்துபோய், கங்காணி மூன்று நாள் அரைப்பேர்தான் போட்டார். அரை நாள் சம்பளம். நீ படித்து வேலைக்குப் போவாய் என்றுதான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். நீ ஆண்டவரிடம் போய்விட்டாய். "எங்க மூத்தது சாமிக்கு வச்ச பூ" என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள். அப்போது நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

ஒருத்தியை எடுத்துக்கொண்டவர் ஒரு வீட்டையாவது தந்திருக்கலாம். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. மடத்தில் உனக்குப் போன் இல்லாததால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. கோவிலில் அந்தோனியார் பெட்டியில் முதல் தடவையாக மன்றாட்டு எழுதிப் போட்டேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. என்ன கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

கோபத்தோடும் அன்போடும்,
ஜெனிட்டா

*

கன்னியர் மடம், வெலிமடை
09.02.2025

என் தங்கச்சி ஜெனிட்டாவுக்கு,

மூன்று பேரையும் மாதாவின் கையில் ஒப்படைத்து அக்கா எழுதுவது.

போன வாரம் மதர் என்னைக் கூப்பிட்டார். நம் பங்குச் சுவாமியார் போனில் இருந்தார். "மெரில்டா அங்கதான் இருக்காவா, மதர்?" என்று அவர் கேட்பது எனக்கே காதில் விழுந்தது. "முன்னாலதான் நிக்கிறா சுவாமி, இப்பதான் கோழிக்குத் தீனி போட்டுட்டு வந்தா" என்றார் மதர். பிறகுதான் விஷயம் தெரிந்தது. "காணாமல் போன என் அக்கா மெரில்டா திரும்பக் கிடைக்க வேண்டும்" என்றா எழுதிப் போட்டாய்? பெட்டியில் விழுவதை உபதேசியார் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார் என்று உனக்குத் தெரியாதா?

மதர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

உண்மையைச் சொல்கிறேன். கட்டில் இருக்கிறது, ஜெபம் வருவதில்லை. பல மாதமாக முழந்தாளிட்டால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. நம்பு என்று உனக்கு எழுதியதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நீ அம்மாவின் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தூங்குவாய் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உனக்குத்தான் பொறாமை என்று நினைத்தாயா?

மே மாதம் நான் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கு முன் முடிவைச் சொல்லும்படி மதர் கேட்கிறார். ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை. நீ பேசு. 'வா' என்று ஒரு சொல் எழுது, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

உன்னைத் தேடும்,
அக்கா

*

மேல்பிரிவு, கொஸ்லந்தை
20.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சிரித்தாய். எனக்கு இங்கே மானம் போனது. உபதேசியார் வாசித்து முடிக்கவில்லை, வீரய்யா மாமாவின் பெண்சாதி இராக்கம்மா மாமி அம்மாவின் காதில், "யாரோட போயிருச்சு?" என்றார்.

"எங்கயும் போகல. மடத்துல இருக்கா."

"அதாங்க, மடத்துல இருந்து யாரோட?"

அன்று பின்னேரமே ஆட்கள் சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் அப்பா வாசலில் நின்றார். ஆட்கள் போனதும் அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "எனக்குந்தான் அவளத் தேடுது. அதுக்காக எழுதியா போடுவாங்க?" என்றாள். அம்மாவுக்கும் அப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உன் கடிதத்தைக் கொழுந்து பறிக்கும் மலையில் வைத்து வாசித்தேன். முதலில் சந்தோஷம்தான். அந்தோனியார் இவ்வளவு வேகம் என்று தெரிந்திருந்தால் வீட்டைக் கேட்டிருப்பேன். ஒரு தாளில் 'வா' என்று எழுதியும் விட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. தபாலுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. நான் கூப்பிட்டு நீ வந்து, ஒரு நாள் இந்த வாத்துச் சுவரைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தால், நான் எந்த முகத்தோடு உனக்குச் சோறு போடுவேன்?

சுவரோடு பேசுவது எனக்குப் பழகிவிட்டது, அக்கா. நான்கு வருடம். உனக்குச் சில மாதம்தானே. இந்த ஒன்றில் நான் உனக்கு மூத்தவள் என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் சண்டை ஆண்டவரோடுதான். இல்லாத ஒருவரோடு யாரும் இத்தனை நாள் சண்டை பிடிக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த நம்பிக்கை அவ்வளவுதான். நீயும் அவரைத் திட்டிப் பார்.

நீ கேட்ட சொல்லை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. அதை அவரிடமே கேட்டு வாங்கு. நீ வருவதானால் சந்தியில் வந்து நிற்பேன். வராவிட்டால் மே மாதம் நாங்கள் வருகிறோம். கோவில் பீடம் வரைக்கும் வீட்டார் உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டுமாமே. ஒரு கையை அம்மா பிடிக்கட்டும், மற்றதை நான் பிடிக்கிறேன். அங்கே போனதும் உடனே விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை அவர் காத்திருக்கட்டும்.

உன்,
ஜெனிட்டா