கிளீவ்லாண்ட் ஜெயித்தார், அப்பா வண்டியில் ஏறினார்

பஃபலோ,
1892 நவம்பர் 13

அன்பு மகன் ஆன்செலுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், சிரித்துச் சிரித்து விலா நோவதைத் தவிர வேறு நோவில்லை. ஆரிகனில் ஓயாத மழையாமே, ஈரக் காலோடு படுக்காதே.

நம் கிளீவ்லாண்ட் ஜெயித்த செய்தி அங்கேயும் வந்திருக்கும். பதினாறு வயதில் தகப்பனை இழந்து, காலேஜ் போக வழியில்லாமல் இந்த ஊருக்கு வந்து வக்கீலாகி, மேயராகி, ஜனாதிபதியாகி, நாலு வருஷம் முன்பு ஹாரிசனிடம் தோற்றவர், இப்போது அதே ஹாரிசனைத் தோற்கடித்து அதே நாற்காலிக்குத் திரும்புகிறார், இந்த நாட்டில் இதுவரை யாரும் அப்படித் திரும்பியதில்லை. உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அன்று கிளீவ்லாண்ட் தோற்றபோது பந்தயப்படி அப்பா, ஹாரிசன் கட்சிக்காரரான எதிர்வீட்டு டட்டிலை ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்து ஊரே பார்க்கத் தள்ளினாரே, அந்த ரோஷத்தில்தானே டட்டில் மகள் லவீனியாவை நீ கட்டிக்கொள்ளக் கேட்டபோது முடியாது என்றார், நீயும் ரயிலேறினாய். இந்தத் தடவையும் அதே பந்தயம்தான்.

நேற்று டட்டில் தள்ள வேண்டிய நாள், மனிதருக்கு முழங்கால் வீங்கி நிற்கவே முடியவில்லை. அப்பா விடுவாரா, தொப்பியில் சேவல் இறகைச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, பந்தயம்னா பந்தயம்தான்யா, தவழ்ந்து வந்தாவது தள்ளு என்று கத்தினார். லவீனியா வாசற்படி இறங்கி வந்து, எங்கப்பாவுக்குப் பதிலா நான் தள்றேன், ஏறி உக்காருங்க என்றாள். பாண்டு வாத்தியம் முன்னே போக, மூச்சு வாங்கத் தள்ளினாள் பாவம். சர்ச் மேட்டில் சக்கரம் சேற்றில் சிக்கியதும் அப்பா மெல்ல, என் பையன் உனக்குக் கடுதாசி போடறானா என்று கேட்டாராம். வாராவாரம் கட்டிக்கறியான்னு கேட்டு எழுதறாரு, நீங்க சரின்னு சொல்லாம நான் சரின்னு எழுத மாட்டேன் என்றாளாம். அப்பா சேற்றில் இறங்கினார், அவளை வண்டியில் உட்காரவைத்தார், திருப்பித் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். டட்டில் வாசலில் உட்கார்ந்தபடியே, யோவ், ஜெயிச்சது யாருய்யா என்று கேட்டார். நான்தான்யா, மருமகளைக் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியை நம் வீட்டுக்குள் திருப்பினார், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவார். நல்ல கோட்டை மறக்காமல் எடுத்து வா, கல்யாணத்துக்கு அது வேண்டும். அப்பா எழுதச் சொன்னது இவ்வளவுதான்: அன்னிக்கு நான் சொன்னது தப்பு, புறப்பட்டு வா.

உன் அம்மா,
தியோடோசியா