ஆளில்லாக் கடையில் ஓர் ஆள்

அன்பு மகள் ஹேராங்குக்கு,

கர்த்தர் தயவில் குன்சானில் அப்பாவும் நானும் நல்ல சுகம், அந்தப் போலந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டாகிவிட்டது, இந்த வருஷம் முட்டைக்கோஸ் இனிப்பாக அமைந்தது, காரம் மட்டும் அப்பா பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. கடை எப்படிப் போகிறது என்று போனில் நீ கேட்டபோது நான் மழுப்பினேன் அல்லவா, அப்பா பக்கத்திலிருந்தால் குறுக்கே பேசுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் பட்டறை வேலையை விட்டதும் நம் குடியிருப்புக்குக் கீழே அப்பா போட்ட ஆளில்லா ஐஸ்கிரீம் கடைதான் உனக்குத் தெரியுமே. வருகிறவர்கள் தாங்களே எடுத்து, தாங்களே மெஷினில் கார்டைத் தேய்த்துப் போவார்கள், அப்பா வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டே போனில் கடையைப் பார்ப்பார். கோடையில் சரக்கு குறைகிறதே என்று பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தால், வெயில் தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஒரு பெண் சிவப்புப் பயறு ஐஸை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமலே போகிறாள், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அப்பாவுக்கு வந்த கோபம்! அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டார். “ஏங்க, நீங்க சபையில மூப்பர், இது நமக்கு வேண்டாங்க” என்றேன். “மூப்பர்னா இளிச்சவாயனா? எல்லாக் கடைக்காரனும்தான் ஒட்டுறான், திருடுனவ வெட்கப்படட்டும்” என்றார். எல்லாக் கடையிலும் ஒட்டுவது நிஜம்தான்.

யாரோ அந்தப் படத்தை நம் குடியிருப்புப் போன் குழுவில் போட்டுவிட்டார்கள். அவள் தோளில் மாட்டியிருந்த பையை வைத்தே மூன்றாம் பிளாக் யங்நான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், போன குளிர்காலத்தில் புருஷன் இறந்துபோனாரே, அவள்தான். அதன்பிறகு என்னென்ன எழுதினார்கள் தெரியுமா. புருஷனையும் இவளே அனுப்பி வைத்திருப்பாள் என்று ஒருத்தி சிரிக்கிற பொம்மை போட்டு எழுதினாள். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் நம் சபையாரும் உண்டு, எந்தப் பெயர் என்று கேட்காதே. மறுநாள் விடியற்கால ஜெபத்தில் முட்டி போட்டேன். நம்மைத் திருத்த ஆண்டவர் மேலே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லையே, ஆளாக அல்லவா இறங்கி வந்தார், நாமோ ஆளை எடுத்துவிட்டுக் கேமராவை வைத்திருக்கிறோம் என்று அதுதான் மனதில் ஓடியது. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “பிரசங்கம் அப்புறம் பண்ணு, சூப் ஆறுது” என்றார்.

அன்று மத்தியானமே ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்த கல்லூரிப் பெண் “ஐயோ, உள்ள ஆள் இருக்காங்க!” என்று கத்தி ஐஸைக் கீழே போட்டாள். கேமராவில் பார்த்த அப்பா உடனே போன் போட்டார். “ஆளில்லாக் கடைன்னு போர்டு தொங்குது, நீ ஏன் அங்க குந்தியிருக்க? வர்றவங்க கூச்சப்படுவாங்க.” “வெட்கப்படட்டும்னுதானே நீங்களும் படம் ஒட்டினீங்க” என்றேன், போனை வைத்துவிட்டார். யங்நான் வருவாள் என்று தினமும் போய் உட்கார்ந்தேன், வரவில்லை. பிறகு ஒருநாள் நம் குடியிருப்புக் காவலாளி கடைக்கு வந்தார், அப்பாவும் அங்கேதான் ஃப்ரீசரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மூப்பரே, மூணாம் பிளாக் அம்மா வாசல்ல பார்சல் அப்படியே குவிஞ்சு கெடக்கு, ஆள் உசுரோட இருக்காங்களா இல்லையான்னே தெரியல” என்றார். அப்பா முகம் வெளுத்துவிட்டது, மகளே. நேரே போய் அந்தப் படத்தை நகத்தாலேயே சுரண்டிக் கிழித்தார்.

இருவருமாக அவள் வீட்டுக்குப் போனோம். மணியை அடித்தால் பதில் இல்லை. ஆனால் வாசலில் இருக்கிற கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது, உள்ளேயிருந்து அவள் பார்க்கிறாள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கேமராவுக்கு நேராக நின்றார். “படம் ஒட்டினவன் நான்தாம்மா. கிழிச்சுட்டேன். இப்ப நீங்க என்னைப் பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க” என்றார். வேர்த்து வழிய அப்படியே நின்றார். வெகுநேரம் கழித்து “போங்க” என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். லிஃப்டில் உன் அப்பா “உசுரோட இருக்கா” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் குழுவில் தன் பெயர் போட்டு, தப்பு என்னுடையது, இனி யாரும் அந்தம்மாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று எழுதினார். மூப்பருக்கு என்ன இவ்வளவு கரிசனம் என்று கேலி செய்தார்கள், அப்படியானால் ஐஸ் இனி எல்லாருக்கும் இலவசமா என்று ஒருவன் கேட்டான். அப்பா எழுதியதை அழிக்கவில்லை.

ஒரு மழை நாளில் யங்நான் தானே கடைக்கு வந்தாள், தொப்பி இல்லை, முகக்கவசம் இல்லை. “அக்கா, கையில காசில்லாம எடுக்கல. அவர் போன பிறகு ஒருநாள் மறந்துபோய் அப்படியே வெளிய வந்துட்டேன், யாரும் கூப்பிடல. மறுநாள் வேணும்னே எடுத்தேன், அப்பவும் யாரும் கூப்பிடல. நான் இருக்கறதே யாருக்கும் தெரியலபோலன்னு நெனச்சேன்” என்றாள். “இப்ப நான் கூப்பிடுறேன், வந்து உக்காரு” என்றேன். மழையைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு ஐஸ் சாப்பிட்டோம். எடுத்ததற்கெல்லாம் காசு கொடுத்தே தீருவேன் என்றாள், அப்பா மறுக்காமல் வாங்கிக்கொண்டார், வாங்குவதுதான் அவளுக்கு மரியாதை என்றார். இன்னும் சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவளை நான் சபைக்குக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானங்களில் கடைக்கு வந்து உட்காருகிறாள், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், நாங்கள் சிரிப்பதைப் போனில் பார்த்துவிட்டு அப்பா “ஃப்ரீசர் மூடியை மூடச் சொல்லு” என்று செய்தி அனுப்புகிறார்.

நீ ஞாயிறு ஆராதனையைப் படுக்கையிலிருந்தே போனில் பார்ப்பதாகச் சொன்னாய். நான் திட்டமாட்டேன், களைத்துப்போகிற உடம்பு. ஆனால் நீ வராவிட்டால் போன் உன்னைத் தேடாது, ராசாத்தி. ஒரு வாரம் காணோமென்றால் கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போ, பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல மனிதர்களை உன் பக்கத்தில் வைப்பாராக. காய்ந்த கடற்பாசியும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன், காலுறையைப் பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள். எதிர்வீட்டில் யாரோ தனியாக இருப்பதாகச் சொன்னாயே, பெயர்கூடத் தெரியாது என்று. போய்க் கேட்டு எனக்கு எழுது, அவருக்காகவும் ஜெபிக்க எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பங் சுன்யே